அமெரிக்கா கைவிட்ட ஐந்து நாள்



சட்டமும் பொதுநலமும் என்பது இந்தச் சொற்பொழிவு வரிசைக்கு வகுக்கப்பட்ட பொருள். அதற்குள் அமெரிக்காவின் துப்பாக்கி விவாதத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றதும், "அது நமக்கு எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்த அரங்கில் இருக்கும் பலருக்கு மகளோ மருமகனோ பேரப்பிள்ளையோ அந்த நாட்டில் இருக்கிறார்கள். வகுப்பறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, மூச்சுவிடும் சத்தம்கூட வெளியே கேட்காமல் மூலையில் உட்கார்ந்திருக்க அந்தப் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஒத்திகை நடக்கிறது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட 32 பேரில், நம் ஈரோடு மாவட்டத்தில் பிறந்து அங்கே பொறியியல் கற்பித்த ஒரு பேராசிரியரும் உண்டு.

இந்தத் தொடர்புகள் இல்லாவிட்டாலும் நான் இதே பொருளைத்தான் எடுத்திருப்பேன். ஒரு சட்டத்தை எழுதும்போது எந்த மனிதனை மனத்தில் வைத்து எழுதுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. துப்பாக்கியைப் பற்றி வாதிடும் அமெரிக்கர்கள் யாருக்கு அது கிடைக்கலாம், யாருக்குக் கிடைக்கக் கூடாது என்றே கேட்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் கிடைக்கலாம் என்ற கேள்வியையும் ஒரு காலத்தில் கேட்டார்கள். அதற்கு ஐந்து நாள் என்று சட்டத்தில் பதிலும் எழுதினார்கள். ஐந்து ஆண்டுகூட ஆவதற்குள் அதைக் கைவிட்டார்கள். அந்த ஐந்து நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எந்தச் சாவு, எந்தத் துப்பாக்கி

நம் தொலைக்காட்சியில் அமெரிக்கத் துப்பாக்கி என்றால் ஒரு காட்சிதான் வரும்: பள்ளிக்கூடம், ராணுவ ரகத்தை ஒத்த நீளத் துப்பாக்கியோடு ஓர் இளைஞன், வெளியே கதறும் பெற்றோர். 1999இல் கொலம்பைன், 2012இல் சாண்டி ஹூக், 2018இல் பார்க்லண்ட், 2022இல் யுவால்டி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. சாண்டி ஹூக்கில் மட்டும் 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். யாரும் மறக்கக் கூடாத சாவுகள் அவை. ஆனால் மொத்தக் கணக்கை எடுத்து வைத்தால் வேறொரு படம் தெரிகிறது.

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் கொலை 20,958. தற்கொலை 26,328. விபத்து, காவல்துறை சுட்டது போன்றவை போக, பாதிக்கு மேற்பட்டவர்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அடுத்த ஆண்டுகளில் மொத்த எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. தற்கொலையே அதிகம் என்ற நிலை மாறவில்லை. கொலைகளிலும், எந்த ரகம் என்று தெரிந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடந்தவை. விவாதத்தின் நாயகனாக நிற்கும் நீளத் துப்பாக்கியின் பங்கு அதில் சில விழுக்காடுதான்.

இறப்பவர்கள் யார் என்பதிலும் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. கொலையாகிறவர்களில் நகரத்து ஏழைப் பகுதிகளின் கறுப்பின இளைஞர்கள் மிக அதிகம். தற்கொலை செய்துகொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களிலும் நடுவயதும் முதுமையும் கண்ட வெள்ளையர்கள் மிகுதி. தற்கொலை விகிதம் உச்சத்தில் நிற்பது நியூயார்க்கிலோ சிகாகோவிலோ அல்ல. வயோமிங், மொன்டானா, அலாஸ்கா போன்ற, ஆள் நடமாட்டம் குறைந்த மாநிலங்களில். துப்பாக்கி உரிமைக்காக உரக்கக் குரல் கொடுக்கும் ஊர்களே துப்பாக்கித் தற்கொலையால் அதிகம் இழக்கும் ஊர்களாகவும் இருக்கின்றன. இரு கட்சிகளும் தேர்தல் மேடையில் இதைத் தொடுவது அபூர்வம்.

27 சொற்கள்

விவாதம் ஏன் இப்படி ஆயிற்று என்று பார்க்க, கொஞ்சம் சட்ட வரலாறு வேண்டும். 1791இல் நிறைவேறிய இரண்டாவது சட்டத்திருத்தம் ஆங்கிலத்தில் 27 சொற்கள். முற்பாதி ஒழுங்கான குடிப்படையைப் பேசுகிறது; பிற்பாதி மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. எந்தப் பாதி எந்தப் பாதியை ஆள்கிறது என்பதில்தான் இவ்வளவு வழக்கும். 1939இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் குடிப்படைப் பக்கம் சாய்ந்தது. 2008இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பானது. அதை எழுதிய நீதிபதி ஸ்காலியா, துப்பாக்கி வணிகத்துக்கு நிபந்தனை விதிக்கும் சட்டங்களை இந்தத் தீர்ப்பு கேள்விக்குள்ளாக்கவில்லை என்றும் சேர்த்தே எழுதினார். அதை நினைவில் வையுங்கள். 2022இல் புரூவன் வழக்கில் நீதிபதி தாமஸ் புதிய அளவுகோல் ஒன்றைத் தந்தார்: இன்றைய கட்டுப்பாடு எதுவானாலும் அந்நாட்டின் பழைய ஆயுதச் சட்ட மரபோடு ஒத்துப்போக வேண்டும். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாமா என்பதற்குக்கூட அந்த அளவுகோலின்படி விடை தேட வேண்டியிருந்தது. 2024இல் ரஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பறிக்கலாம் என்றார்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களை வெறும் வெறியர்களாகப் பார்ப்பது தவறு. போலீஸ் ஜீப் வந்து சேர முக்கால் மணி நேரமாகும் ஒரு பண்ணை வீட்டில் இருப்பவருக்குத் துப்பாக்கி என்பது வேறு பொருள். கறுப்பின மக்களுக்கோ, தங்களைக் காக்க அரசு வராது என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. 1967இல் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் கலிபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்ததும், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டம் விரைந்து நிறைவேறியது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். கட்டுப்பாடு என்றால் அது முதலில் நம் மேல்தான் பாயும் என்று கறுப்பினத்தவர் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது.

துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. உள்நாட்டுப் போரில் தம் படைவீரர்கள் குறி தவறிச் சுட்டதைக் கண்டு நொந்த வடபகுதி அதிகாரிகள் 1871இல் தொடங்கிய குறிபார்ப்புச் சங்கம் அது. 1977இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் கடும்போக்கினர் நிர்வாகத்தைக் கைப்பற்றிய பிறகுதான் இன்றைய அரசியல் முகம் வந்தது.

ஐந்து நாள் வந்ததும் போனதும்

1981 மார்ச் 30. அதே ரீகன், இப்போது அதிபர், வாஷிங்டனில் ஒரு ஓட்டல் வாசலில் சுடப்பட்டார். அவர் பிழைத்தார். அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் குண்டு பாய்ந்தது. மீதி வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலி. அவரும் அவர் மனைவி சாராவும் பல ஆண்டுகள் போராடி, 1993 நவம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிரேடியின் பெயரே வந்தது.

1994 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, சொந்தச் சோதனை முறை இல்லாத மாநிலங்களில் கடையில் கைத்துப்பாக்கி வாங்க ஐந்து நாள் காத்திருக்க வேண்டும் என்று விதித்தது. உள்ளூர் போலீஸ் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க அந்த அவகாசம். ஆனால் அந்த விதியோடு ஒரு முடிவு நாளும் பிறந்திருந்தது. கணினிவழி உடனடிச் சோதனை தயாரானதும் காத்திருப்பு தானாகக் காலாவதியாகும் என்பது துப்பாக்கி ஆதரவாளர்களோடு செய்துகொண்ட சமரசம். 1998 நவம்பர் 30 அன்று எஃப்.பி.ஐ.யின் உடனடிச் சோதனை அமைப்பு ஓடத் தொடங்கியது. ஐந்து நாள் ஓய்ந்தது.

அன்று யாரும் அதைப் பெரிய இழப்பாகக் கருதவில்லை. காத்திருப்பின் ஒரே வேலை சோதனைக்கு நேரம் கொடுப்பது என்றால், கணினி வந்தபின் அது எதற்கு? அந்தத் தர்க்கம் ஒரு மனிதனை மட்டும் கணக்கில் வைத்திருந்தது: ஏற்கெனவே குற்றம் செய்து ஏட்டில் ஏறியவனை. முந்தைய நாள் வரை ஒரு குற்றமும் செய்யாத, இன்று மட்டும் நிலைதவறி நிற்கும் மனிதனை அது கணக்கில் வைக்கவில்லை. அவனைப் பற்றி எந்தக் கணினியிலும் எதுவும் இருக்காது.

கடையில் நடப்பது

உரிமம் பெற்ற கடைக்குப் போய், பிடித்த துப்பாக்கியைக் காட்டினால், 4473 என்ற எண் கொண்ட படிவத்தை நீட்டுவார்கள். கடுங்குற்றத்தில் தண்டனை உண்டா, போதைப்பழக்கம் உண்டா, குடும்ப வன்முறைக்குத் தண்டனை பெற்றவரா, மனநலக் காரணத்துக்காக நீதிமன்ற ஆணையால் சேர்க்கப்பட்டவரா என்று வரிசையாகக் கேள்விகள். ஆமாம், இல்லை என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் போனிலோ இணையத்திலோ கேட்பார். 'கொடுக்கலாம்', 'தாமதம்', 'கூடாது' என்று மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலோருக்குச் சில நிமிடத்தில் வந்துவிடும். 'தாமதம்' என்று வந்து, மூன்று வேலைநாளுக்குள் எஃப்.பி.ஐ. முடிவு சொல்லாவிட்டால், பொதுவாகக் கடைக்காரர் விரும்பினால் விற்கலாம். தனி ஆள் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றாலோ, நாடு தழுவிய சட்டப்படி இந்தப் படிவமே தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டும் அதற்கும் சோதனை வைத்திருக்கின்றன.

மூன்று நாள் விதியின் ஓட்டை 2015இல் சார்ல்ஸ்டனில் தெரிந்தது. கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வேதப்பாட வகுப்பில் ஒன்பது பேரைக் கொன்றவன் துப்பாக்கி வாங்கியபோது வந்த பதில் 'தாமதம்'. அவன்மேல் இருந்த போதைப்பொருள் வழக்கின் விவரம் எந்தக் காவல் நிலையத்தில் என்பதில் குழப்பம் ஏற்பட்டு, மூன்று நாள் கடந்தது, கடை விற்றுவிட்டது. அவனுக்குத் துப்பாக்கி கிடைத்திருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி பின்னர் ஒப்புக்கொண்டார்.

வாங்குபவருக்கு இவ்வளவு வேகம். சுட்ட துப்பாக்கி யாருடையது என்று துப்புத் துலக்கும் போலீசுக்கு என்ன வேகம்? மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூரில் உள்ள நடுவண் அரசின் துப்பாக்கித் தடமறி மையத்துக்குத்தான் அந்தக் கேள்வி போகும். மூடப்பட்ட கடைகளின் பழைய படிவங்கள் அங்கே அட்டைப்பெட்டிகளில் மலையாகக் குவிகின்றன. தாள்களின் பாரத்தைத் தரை தாங்காது என்று சரக்குப் பெட்டகங்களை வாகன நிறுத்தத்தில் போட்டு அடைத்திருந்தார்கள். ஊழியர்கள் அவற்றைப் படமெடுத்து வைக்கலாம். பெயரைத் தட்டினால் ஆள் வரும்படியான பட்டியலாக ஆக்கக் கூடாது. நாடு தழுவிய துப்பாக்கிப் பதிவேட்டை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டு, கடைசியில் கையால் தாளைப் புரட்டுகிறார்கள். விற்பனை நிமிடக்கணக்கில் முடிகிறது. விசாரணை நாள்கணக்கில் நகர்கிறது. வேகம் எங்கே இருக்க வேண்டும், தாமதம் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தலைகீழாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவகாசம் என்ன செய்யும்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம் வீட்டுப் பேச்சு. விரக்தியில் இருப்பவனுக்கும் அது பொருந்தும். சாவின் விளிம்பைத் தொட்டுப் பிழைத்த இளையோரிடம் ஹூஸ்டனில் ஆய்வாளர்கள் பேசியபோது, முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்று சொன்னவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். தற்கொலை முயற்சியில் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. ஆனால் துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அந்தப் 'பிற்பாடு' வருவதே இல்லை. அந்த ஒரு மணி நேரம், அந்த ஒரு ராத்திரி, கையருகே என்ன இருந்தது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

பிரேடி சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். லட்விக், குக் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, அந்தச் சட்டத்தால் கொலை விகிதம் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை என்றது. ஆனால் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் துப்பாக்கித் தற்கொலை குறைந்ததைக் கண்டது. 2017இல் வேறு ஆய்வாளர்கள் நீண்ட கால மாநிலக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து, காத்திருப்பு விதி இருக்கும் இடத்தில் துப்பாக்கிக் கொலை 17 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்றார்கள், தற்கொலையும் குறைகிறது. இரண்டு ஆய்வும் ஒன்றுபோலச் சொல்லவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தற்கொலை விஷயத்தில் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இஸ்ரேல் ராணுவம் 2006இல் ஒரு சிறு உத்தரவு போட்டது: வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும். வீரர்களின் தற்கொலை 40 விழுக்காடு குறைந்தது. வார நாள்களில் தற்கொலை கூடவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னும் பெரிய சான்று உண்டு. 1995இல் இலங்கையில் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகிலேயே உச்ச வரிசையில் இருந்தது. தோட்டத்திலும் வயலிலும் குடிசையிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது கொடிய பூச்சிமருந்து. மிகக் கடும் நஞ்சுள்ளவற்றை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டில் விகிதம் சுமார் 70 விழுக்காடு இறங்கியது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பின என்று மதிப்பிட்டார்கள். போரும் வறுமையும் குடும்பச் சண்டையும் அந்த நாட்டைவிட்டு ஓடிப்போய்விடவில்லை. விளைச்சலும் குறையவில்லை. சண்டை போட்ட அன்று கையில் கிடைத்தது உயிரை எளிதில் குடிக்காத மருந்தாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இனி, துப்பாக்கிக்காரர்களே எழுதிய ஓர் அத்தியாயம். 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பேர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்திலேயே தம்மை மாய்த்துக்கொண்டார்கள். மூவருக்கும் விற்பனை சட்டப்படிதான் நடந்தது. கடைக்காரர் கலங்கிப்போனார். பொதுச்சுகாதார ஆய்வாளர்களும் கடைக்காரர்களும் உட்கார்ந்து பேசி, 'துப்பாக்கிக் கடைத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாமல், பராமரிப்பு பற்றியோ பயிற்சி பற்றியோ கேட்காமல், ஏதோ ஒன்று கொடுங்கள் என்று அவசரப்படுபவரைக் கவனியுங்கள். தயக்கம் இருந்தால் விற்க மறுங்கள் என்று கடைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. மனம் சரியில்லாத நண்பரின் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் நீங்கள் வாங்கி வையுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு ஒரு சுவரொட்டி. அந்த மாநிலத்துக் கடைகளில் ஏறக்குறைய பாதி அவற்றை ஒட்டின. அங்கே யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. இரண்டாவது திருத்தத்தைப் பற்றி யாரும் சண்டை போடவும் இல்லை.

மறுப்புகள்

இதற்கெல்லாம் மறுப்பு இல்லையா? உண்டு, வலுவாகவே உண்டு.

திட்டமிடுபவன் காத்திருப்பான் என்பது முதல் மறுப்பு. உண்மை. வர்ஜீனியாவில் மாதம் ஒரு கைத்துப்பாக்கிதான் என்ற சட்டம் அன்று இருந்தது. வர்ஜீனியா டெக் கொலையாளி அதைப் பணிவாகக் கடைப்பிடித்து, முப்பது நாள் விட்டு இரண்டாவதை வாங்கினான். அவனைத் தடுத்திருக்கக்கூடியது காத்திருப்பு அல்ல, சரியான ஏடு. அவனால் அவனுக்கே ஆபத்து என்று 2005இலேயே நீதிமன்றம் சொல்லியிருந்தும், மாநிலம் அந்தத் தகவலை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவில்லை. தகவல் அனுப்புவதைச் சீராக்கும் சட்டம் 2008 ஜனவரியில் வந்தபோது ரைஃபிள் சங்கமே அதை ஆதரித்தது. ஆக, ஏடும் வேண்டும், அவகாசமும் வேண்டும். ஒன்று வந்ததால் மற்றது வேண்டாம் என்று 1998இல் நினைத்ததுதான் பிழை.

அடி உதைக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணுக்கு இன்றே துப்பாக்கி வேண்டுமே என்பது இரண்டாவது. இதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. அப்படிப்பட்டவருக்கு விதிவிலக்கு எழுதலாம்; எழுத வேண்டும். ஆனால் அதே காத்திருப்பு அவளைத் துரத்துபவனையும் நிறுத்தும். அடிக்கும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டினால் அவள் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்காகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மூன்றாவது: நாட்டில் ஏற்கெனவே மக்கள் கையில் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள் இருப்பதாக 2018இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது, புதிதாக வாங்குபவரை நிறுத்தி என்ன பயன்? வீட்டில் இருப்பதற்கு வேறு வழிகள் தேவை. ஆபத்தான நிலையில் இருப்பவரின் துப்பாக்கியை நீதிமன்ற ஆணையோடு தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டத்தைக் கனெக்டிகட் 1999இல் கொண்டுவந்தது. இன்று இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கனெக்டிகட்டில் இப்படி எடுக்கப்பட்ட பத்து முதல் இருபது பேரின் துப்பாக்கிகளுக்கு ஓர் உயிர் மிஞ்சியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். குற்றம் செய்யாதவரின் பொருளை எடுப்பதால், விசாரணையும் முறையீடும் அவருக்குக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கொலராடோவில் கடைகளே நெருக்கடிக் காலத்தில் துப்பாக்கியை வாங்கிப் பத்திரப்படுத்தித் தருகின்றன. எந்தக் கடை என்று காட்டும் வரைபடமும் உண்டு.

முடிவாக

கலிபோர்னியாவில் பத்து நாள், ஹவாயில் பதினான்கு நாள், மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் ஊரில் நடந்த படுகொலைக்குப் பின் அங்கே 72 மணி நேரம் என்று, நாடு கைவிட்டதைச் சில மாநிலங்கள் தம் சட்டத்தில் எழுதிவைத்திருக்கின்றன. 1791இல் இப்படி ஒரு மரபு இருந்ததா என்று கேட்டு அவற்றின்மேல் வழக்குகளும் நடக்கின்றன. துப்பாக்கி வணிகத்துக்கு நிபந்தனை விதிக்கலாம் என்று ஸ்காலியா எழுதிய அந்த வரி எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இனித் தெரியும்.

சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: தீயவனைத் தேடிக் கண்டுபிடிக்கும் சட்டங்களை எழுத எல்லா நாடுகளுக்கும் ஆசை உண்டு, ஓட்டும் அதில்தான் கிடைக்கும். ஏட்டில் பெயரே இல்லாத, நேற்றுவரை நல்லவனாக இருந்த, நாளைக்கு மறுபடி நல்லவனாக இருக்கப்போகும் மனிதனுக்காக ஒரு சட்டம் எழுதுவது கடினம். அவன் ஊர்வலம் போகமாட்டான். தான் பிழைத்தது எந்த விதியால் என்று அவனுக்கே தெரியாது. 1994க்கும் 1998க்கும் இடையே அமெரிக்கா, தான் செய்வது இன்னதென்று முழுதாக அறியாமலே, அப்படி ஒரு சட்டத்தை வைத்திருந்தது. பூச்சிமருந்தானாலும் தூக்கமாத்திரையானாலும் ரயில்பாதை வேலியானாலும், நாளை நீங்கள் ஒரு விதியை எழுதும் இடத்தில் அமரும்போது, குற்றவாளிக்கு ஒரு பத்தி எழுதினால் அந்த மனிதனுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள்.